கொள்வதும் விடுவதும்: பாசிகளின் அயோடின் கணக்கு

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 60 மைக்ரோகிராம் அயோடின் கரைந்திருக்கிறது. அதே நீரில் நின்று வளரும் லமினேரியா டிஜிடேட்டா என்னும் பழுப்புப் பாசியை உலர்த்தி எடை போட்டால், அந்த எடையில் சராசரியாக 1 சதவீதம் அயோடின். இளம் பாசிகளில் இது 5 சதவீதத்தை நெருங்குவதும் உண்டு. உலராத பாசியின் எடைக்குக் கணக்கிட்டாலும், சூழ்ந்திருக்கும் நீரைவிட 30,000 மடங்கு செறிவு. இதுவரை அளக்கப்பட்ட உயிர்களில் இந்த அளவுக்கு அயோடினைத் திரட்டுவது வேறெதுவும் இல்லை. ஆனால் அதே பாசி, கடல் வற்றி வெயில் பட்ட சில நிமிடங்களில், சேர்த்ததில் ஒரு பகுதியை நீரிலும் காற்றிலும் விட்டுவிடுகிறது.

இவ்வளவு பாடுபட்டுச் சேர்ப்பது ஏன், இவ்வளவு எளிதாக விடுவது ஏன் என்ற இரண்டு கேள்விகளும் நீண்ட காலம் தனித்தனியாகவே ஆராயப்பட்டன. சேர்ப்பதைத் தாவர உடலியல் அறிஞர்கள் பார்த்தார்கள். விடுவதை வளிமண்டல வேதியியலாளர்கள் பார்த்தார்கள். கடந்த முப்பது ஆண்டுகளின் ஆய்வுகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால், இரண்டும் ஒரே வேதிவினையின் இரு திசைகள் என்பது தெரிகிறது. எலக்ட்ரானை எளிதில் தரும், எளிதில் திரும்பப் பெறும் அயோடினின் இயல்புதான் அந்த வினையின் அடிப்படை. அலையடிக்கும் பாறைக்கரை, திறந்த கடல், துருவப் பனி, நன்னீர் என்று சூழல் மாறும்போது இந்த அடிப்படை மாறுவதில்லை. வினையை நடத்துவது யார், அது எந்தத் திசையில் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பவையே மாறுகின்றன. இக்கட்டுரை அந்த மாற்றங்களை வரிசையாகப் பார்க்கிறது.

கடல்நீரில் இரு வடிவங்கள்

கடல்நீரில் அயோடின் பெரும்பாலும் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. ஒன்று அயோடைடு, எலக்ட்ரானைக் கூடுதலாகப் பெற்ற, ஒடுக்கப்பட்ட வடிவம். மற்றொன்று அயோடேட்டு, மூன்று ஆக்சிஜன் அணுக்களோடு சேர்ந்த, ஆக்சிஜனேற்றம் பெற்ற வடிவம். ஆக்சிஜன் நிறைந்த நீரில் வெப்ப இயக்கவியல் கணக்குப்படி அயோடேட்டு மட்டுமே இருக்க வேண்டும். ஆழ்கடலில் அப்படித்தான் இருக்கிறது. மேற்பரப்பிலோ கணக்குக்கு ஒத்துவராத அளவில் அயோடைடு இருக்கிறது. வெப்பமண்டலக் கடல்களின் மேல்நீரில் அது மிகுதி. துருவத்தை நோக்கிப் போகப் போகக் குறைகிறது. ஒளி படும் நீரில் மட்டும் இந்த முரண் இருப்பதால், அதற்கு உயிர்களே காரணம் என்று ஆய்வாளர்கள் தொடக்கத்திலேயே ஊகித்தார்கள்.

இந்த வேறுபாடு பாசிக்கும் முக்கியமானது. லமினேரியா உள்ளிட்ட, கெல்ப் என்னும் பெரும் பழுப்புப் பாசிகள் முதன்மையாக எடுத்துக்கொள்வது அயோடைடை. கண்ணுக்குத் தெரியாத மிதவை நுண்பாசிகள் அயோடேட்டை அயோடைடாக மாற்றுவதில் பங்கு பெறுகின்றன. ஒரே கடலில் வாழும் இரு வகைப் பாசிகள் ஒரே தனிமத்தின் இரு வேறு வடிவங்களோடு உறவாடுகின்றன. பாசிகள் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுப் பேசினால் குழப்பம் வருவது இதனால்தான்.

சாம்பலிலிருந்து ஆய்வகத்துக்கு

அயோடின் என்ற தனிமமே பாசியிலிருந்துதான் மனிதனுக்குத் தெரியவந்தது. நெப்போலியன் காலப் போர்களின்போது பிரான்சில் வெடிமருந்துக்கான வெடியுப்பைத் தயாரித்துவந்த பெர்னார் கூர்துவா, கடற்பாசிச் சாம்பலைக் கரைத்த நீரைப் பயன்படுத்தினார். 1811இல் அந்தச் சாம்பல் எச்சத்தில் கந்தக அமிலம் மிகையாகப் பட்டபோது ஊதா நிற ஆவி எழுந்தது. குளிர்ந்த பரப்பில் கருநிறப் படிகங்களாகப் படிந்தது. அது ஒரு புதிய தனிமம் என்பதை 1813, 1814 ஆண்டுகளில் கே-லுசாக்கும் ஹம்ப்ரி டேவியும் நிறுவினார்கள். 1820இல் ஜெனீவா மருத்துவர் கோயிந்தே முன்கழுத்துக் கழலைக்கு அயோடினை மருந்தாகக் கொடுக்கத் தொடங்கினார். சீன மருத்துவத்தில் கழலைக்குக் கடற்பாசி தரும் வழக்கம் அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தையது.

19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலும் பிரான்சின் பிரிட்டானிக் கரையிலும் பாசியை உலர்த்திக் குழிகளில் எரித்து, சாம்பலிலிருந்து அயோடின் எடுப்பது ஒரு தொழிலாகவே நடந்தது. திறந்தவெளியில் எரிக்கும்போது அயோடினில் கணிசமான பங்கு ஆவியாகிப் போய்விடும் என்பது அந்தத் தொழிலின் பெருங்குறை. சிலியின் வெடியுப்புப் படிவுகளிலிருந்து மலிவான அயோடின் வந்தபின் பாசிச் சாம்பல் தொழில் நலிந்தது. இன்று உலகுக்கு வேண்டிய அயோடினில் பெரும்பகுதி சிலியின் கனிமத்திலிருந்தும் ஜப்பானின் நிலத்தடி உவர்நீரிலிருந்தும் கிடைக்கிறது.

பாசி உயிரோடு இருக்கும்போதே அயோடினை வெளியிடுகிறது என்பதும் பழைய செய்திதான். 1920களில் பிரான்சில் பியர் தாஞ்சாரும் ஸ்வீடனில் ஹரால்டு க்யூலினும் இதைப் பற்றி எழுதினார்கள். மாவுச்சத்துத் தடவிய தாளைப் பாசிக்கு அருகே வைத்தால் அது நீலமாக மாறும். காற்றில் தனி அயோடின் இருப்பதற்கு அதுவே சான்று. ஆனால் அது எப்படி நிகழ்கிறது என்பதற்கு விடை கிடைக்க இன்னும் எழுபது ஆண்டுகள் ஆயின.

உள்ளே வரும் வழி

அயோடைடு மின்னேற்றம் கொண்ட துகள். கொழுப்பாலான செல்சவ்வை அது தானாகக் கடக்காது. மனிதத் தைராய்டில் அதற்கென்று ஒரு கடத்திப் புரதம் இருக்கிறது. சோடியத்தோடு சேர்த்து அயோடைடை உள்ளே இழுக்கும். பாசியிலும் அப்படி ஒன்று இருக்கும் என்றே பலர் நினைத்தார்கள். 1998இல் ஃபிரித்யோஃப் கியூப்பரும் பிரிட்டானியின் ரோஸ்காஃப் கடல் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்தவர்களும் வெளியிட்ட ஆய்வு வேறொரு வழியைக் காட்டியது.

அந்த விளக்கம் இது: பாசியின் செல்சுவரில் ஹேலோபெராக்சிடேஸ் என்னும் நொதிகள் இருக்கின்றன. பாசி தன் வளர்சிதை மாற்றத்தில் உண்டாக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொண்டு இவை அயோடைடை ஆக்சிஜனேற்றம் செய்து ஹைப்போஅயோடஸ் அமிலமாகவோ அயோடின் மூலக்கூறாகவோ மாற்றுகின்றன. மின்னேற்றம் நீங்கிய இந்த வடிவங்கள் செல்சவ்வை எளிதில் கடக்கும். உள்ளே போனதும் மீண்டும் அயோடைடாக ஒடுக்கப்படும்.

இந்த நொதிகளின் மையத்தில் இருப்பது வெனேடியம். உயிர்களில் அரிதாகப் பயன்படும் உலோகம் அது. வெனேடியத்தைச் சார்ந்த முதல் ஹேலோபெராக்சிடேஸை ஆஸ்கோஃபில்லம் நோடோசம் என்ற பழுப்புப் பாசியில் 1984இல் ஹான்ஸ் ஃபில்டர் கண்டறிந்திருந்தார். அந்த நொதி புரோமைடையும் ஆக்சிஜனேற்றம் செய்யக்கூடியது. 2003இல் ரோஸ்காஃப் குழு, லமினேரியாவில் அயோடைடை மட்டுமே தேர்ந்து வினைபுரியும் தனி நொதி இருப்பதைக் காட்டியது. உணவுக்காகப் பயிரிடப்படும் சக்கரினா ஜப்போனிகா என்ற கெல்ப்பின் மரபணுத்தொகுதி 2015இல் வெளியானபோது, இந்த நொதிக் குடும்பத்தின் மரபணுக்கள் அதில் பெருகியிருப்பது தெரிந்தது. அயோடின் சேர்ப்பு கெல்ப்பின் பரிணாமத்தில் தற்செயலாக ஒட்டிக்கொண்டது அன்று என்பதற்கு இது வலுவான சான்று.

1998ஆம் ஆண்டு ஆய்வில் கவனிக்க வேண்டிய இன்னொரு முடிவும் உண்டு. நீரில் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிறிதளவு சேர்த்தால் பாசி அயோடைடை உள்வாங்கும் வேகம் கூடுகிறது. அதே பொருளை மில்லிமோலார் அளவுக்கு உயர்த்தினால் பாசி உள்ளே இருப்பதை விரைந்து வெளியே கொட்டுகிறது. ஒரே பொருள், அளவைப் பொறுத்து, கொள்ளவும் செய்கிறது விடவும் செய்கிறது. இந்தக் கட்டுரையின் மையக் கருத்து ஒரே சோதனையில் தெரியும் இடம் இதுதான்.

சேமிப்பு எதற்காக?

அயோடின் கெல்ப்புக்குத் தைராய்டு ஹார்மோன் போன்ற ஒன்றைத் தயாரிக்கத் தேவைப்படுகிறதா என்ற கேள்வி இயல்பாக எழும். அப்படியொரு தேவைக்கு உலர் எடையில் 1 சதவீதம் என்பது பொருந்தாத அளவு. 2008இல் கியூப்பர் குழு எக்ஸ்-கதிர் உறிஞ்சல் முறையில் உயிருள்ள பாசியையே ஆராய்ந்து, அயோடின் பெரும்பாலும் எளிய அயோடைடாகவே இருக்கிறது என்று காட்டியது. கரிம மூலக்கூறுகளோடு வேதிப்பிணைப்பில் சேர்ந்தது சிறு பங்குதான். அதே ஆண்டில் வந்த வேறொரு ஆய்வு, இந்த அயோடைடு பாசியின் வெளியடுக்குத் திசுவில், பெரும்பாலும் செல்சவ்வுக்கு வெளியே உள்ள சுவர்ப் பகுதியில், குவிந்திருப்பதைக் கண்டது.

சேமித்த இடமும் வடிவமும் நோக்கத்தைக் காட்டிக்கொடுக்கின்றன. ஓசோன், சூப்பர் ஆக்சைடு, ஹைட்ராக்சில் தனியுறுப்பு போன்ற, திசுவை அரிக்கும் ஆக்சிஜன் வடிவங்களோடு அயோடைடு மிக விரைவாக வினைபுரிந்து அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடோடு தானாக மெதுவாகத்தான் வினைபுரியும். அந்த இடத்தில் வெனேடிய நொதி துணைக்கு வருகிறது. உடலின் எல்லையில், எளிதில் எடுக்கக்கூடிய வடிவில், எலக்ட்ரான் இருப்பு ஒன்று எப்போதும் தயாராக இருக்கிறது. உயிர்களில் கண்டறியப்பட்ட முதல் கனிம ஆக்சிஜனேற்றத் தடுப்பான் என்று 2008ஆம் ஆண்டு ஆய்வு இதைக் குறிப்பிட்டது.

இன்னொரு பயனும் இதோடு இணைந்திருக்கிறது. பாசியின் செல்சுவரில் உள்ள ஆல்ஜினேட்டைக் கிருமிகள் சிதைக்கும்போது சிறு துண்டுகள் உண்டாகின்றன. அந்தத் துண்டுகளைத் தாக்குதலின் அடையாளமாக எடுத்துக்கொண்டு லமினேரியா ஆக்சிஜனேற்றிகளைத் திடீரெனப் பெருக்குகிறது என்பதை 2001இல் ரோஸ்காஃப் குழு காட்டியது. அப்போது அயோடைடும் வெளியேறுகிறது. பெருக்கிய ஆக்சிஜனேற்றிகள் பாசியையே எரித்துவிடாமல் அயோடைடு தணிக்கிறது. வினையில் உண்டாகும் ஹைப்போஅயோடஸ் அமிலம் போன்றவை மேற்பரப்பில் நுண்ணுயிர்களைத் தடுக்கின்றன. தொடக்கத்தில் கழிவாகத் தோன்றிய வெளியேற்றம் தற்காப்பாகப் புரிந்துகொள்ளப்பட்டது இப்படித்தான்.

சிவப்புப் பாசிகளில் ஏற்பாடு வேறு. அஸ்பராகாப்சிஸ், பான்மைசோனியா போன்ற இனங்கள் தனிச் சுரப்பி செல்களில் புரோமினும் அயோடினும் சேர்ந்த கரிமச் சேர்மங்களை வைத்திருக்கின்றன. மேய வரும் உயிர்களை விரட்டுவது அவற்றின் முதன்மைப் பயன். கெல்ப்பில் கனிம வடிவச் சேமிப்பு, இவற்றில் கரிம வடிவச் சேமிப்பு என்பதால், வெளியேறும் பொருள்களும் வேறுபடுகின்றன.

கடல் வற்றும்போது

ரோஸ்காஃப் கரையில் பெரும் ஓதக் காலத்தில் கடல் எட்டு மீட்டருக்கும் மேல் ஏறி இறங்குகிறது. கடல் வற்றும்போது கெல்ப் படுகைகள் சில மணி நேரம் காற்றில் கிடக்கின்றன. வெயில், உலர்வு, காற்றிலுள்ள ஓசோன் மூன்றும் ஒருசேரத் தாக்குகின்றன. பாசியின் மேற்பரப்பில் கசியும் அயோடைடு ஓசோனோடு வினைபுரிந்து அயோடின் ஆவியாக எழுகிறது. பகல் வெளிச்சத்தில் அந்த மூலக்கூறு பத்து விநாடி அளவிலேயே உடைந்து அணுக்களாகிறது. அணுக்கள் மீண்டும் ஓசோனைச் சிதைத்து அயோடின் ஆக்சைடுகளாகின்றன. இவை ஒன்றோடொன்று திரண்டு நுண்துகள்களாகின்றன.

இதன் விளைவை முதலில் கண்டவர்கள் பாசியை ஆராய்ந்தவர்கள் அல்லர். அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள மேஸ் ஹெட் வளிமண்டல ஆய்வு நிலையத்தில், பகலில் கடல் வற்றும் வேளைகளில் காற்றில் நுண்துகள்கள் திடீரென ஒரு கன சென்டிமீட்டருக்கு லட்சக்கணக்கில் பெருகுவது பதிவானது. 2002இல் கோலின் ஓ'டவுடும் உடனாய்வாளர்களும் பாசிகள் வெளியிடும் டை-அயோடோமீத்தேன் என்ற கரிமச் சேர்மத்தை இதற்குக் காரணமாகக் காட்டினார்கள். ஈராண்டுகளுக்குள் அந்த விளக்கம் திருத்தப்பட்டது. 2004இல் சயஸ்-லோபஸ், ஜான் பிளேன் ஆகியோர் மேஸ் ஹெட் காற்றில் அயோடின் மூலக்கூறையே நேரடியாக அளந்தார்கள். அதே ஆண்டில் மெக்ஃபிகன்ஸ் குழு, துகள்களின் பெருக்கத்துக்கு அந்த மூலக்கூறே முதன்மை மூலம் என்று வாதிட்டது. ஜேம்ஸ் லவ்லாக் 1970களின் தொடக்கத்தில் அட்லாண்டிக் காற்றில் மெதில் அயோடைடை அளந்ததிலிருந்து கரிமச் சேர்மங்கள் மேலேயே நிலைத்திருந்த கவனம் இதோடு திசை மாறியது.

கெல்ப் மட்டுமே மூலம் என்ற எண்ணமும் பின்னர் தளர்ந்தது. லமினேரியா ஓதப் பகுதியின் அடிவிளிம்பில் வளர்வதால், மாதத்தில் சில நாள்களே நீருக்கு வெளியே வரும். ஃபியூகஸ், ஆஸ்கோஃபில்லம் போன்ற பழுப்புப் பாசிகள் மேல்விளிம்பில் வளர்கின்றன. அவற்றின் அயோடின் அளவு கெல்ப்பைவிடப் பல மடங்கு குறைவு என்றாலும், நாள்தோறும் நீண்ட நேரம் காற்றில் கிடக்கின்றன. அயர்லாந்தின் மீனிஷ் விரிகுடாவில் நடந்த அளவீடுகள் இவற்றின் பங்கும் பொருட்படுத்தத்தக்கது என்று காட்டின. எவ்வளவு சேர்த்திருக்கிறது என்பதோடு எவ்வளவு நேரம் வெளியே கிடக்கிறது என்பதையும் பெருக்கிப் பார்த்தால்தான் கரையோரக் கணக்கு சரியாக வரும்.

இந்தத் துகள்கள் மேகத் துளிகளுக்குக் கருவாகும் அளவுக்கு வளர்கின்றனவா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. கரையோரத்தில் பிறப்பவற்றில் பல, வளரும் முன்பே பெரிய துகள்களோடு ஒட்டிப்போகின்றன. ஆனால் அயோடினிலிருந்து துகள் பிறக்கும் திறனில் ஐயமில்லை. 2021இல் செர்ன் ஆய்வகத்தின் கிளவுட் சோதனைக் கலத்தில், அயோடிக் அமிலம் அதே செறிவிலுள்ள கந்தக அமிலத்தைவிட வேகமாகத் துகள்களை உருவாக்குவது நிறுவப்பட்டது.

திறந்த கடலில்

கெல்ப் காடுகள் கரையை ஒட்டிய குறுகிய பட்டை மட்டுமே. கரையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி, அட்லாண்டிக் நடுவே கேப் வெர்டே தீவுகளில் அளந்தபோதும் காற்றில் அயோடின் ஆக்சைடு இருந்தது. 2008இல் வெளியான அந்த அளவீடு, புரோமினும் அயோடினும் சேர்ந்து அங்கே ஓசோனைக் கணிசமாகச் சிதைக்கின்றன என்றும் காட்டியது. மிதவை நுண்பாசிகள் வெளியிடும் மெதில் அயோடைடு முதலான கரிமச் சேர்மங்களைக் கூட்டிப் பார்த்தால், அங்கே காணப்படும் அயோடின் ஆக்சைடில் கால் பங்கு அளவையே விளக்க முடிந்தது.

மீதி முக்கால் பங்குக்கு 2013இல் லூசி கார்பென்டர் குழு விடை தந்தது. காற்றிலுள்ள ஓசோன் கடற்பரப்பிலுள்ள அயோடைடோடு வினைபுரிந்து ஹைப்போஅயோடஸ் அமிலத்தையும் அயோடினையும் வெளியேற்றுகிறது. கெல்ப்பின் தோலில் நடக்கும் அதே வினைதான். இங்கே பாசி இல்லாமல், வெறும் நீரின் மேற்பரப்பிலேயே நடக்கிறது.

அப்படியானால் திறந்த கடலில் பாசிக்கு வேலை இல்லை என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. ஓசோனோடு வினைபுரிய அந்த அயோடைடு மேற்பரப்பில் இருக்க வேண்டுமே. அயோடேட்டிலிருந்து அதை உண்டாக்குவதில் மிதவை நுண்பாசிகளுக்குப் பெரும் பங்கு இருக்கிறது. 1969இல் ஜப்பானின் சுனோகாயும் சாசேயும், நைட்ரேட்டை ஒடுக்கும் நொதியே அயோடேட்டையும் தவறுதலாக ஒடுக்குகிறது என்ற கருத்தை முன்வைத்தார்கள். பின்வந்த வளர்ப்புச் சோதனைகள் அதை முழுமையாக ஆதரிக்கவில்லை. 2010இல் வெளியான ப்ளூம் குழுவின் ஆய்வும், 2020இல் பல இன நுண்பாசிகளை ஒப்பிட்ட ஹெபாக் குழுவின் ஆய்வும் வேறொன்றைச் சுட்டின: செல்கள் செழித்து வளரும்போது வெளிப்படும் அயோடைடு குறைவு, அவை முதிர்ந்து நலியும்போதுதான் அது பெருகுகிறது. செல்சவ்வு தளர்ந்து உள்ளிருக்கும் ஒடுக்கும் பொருள்கள், குறிப்பாகக் கந்தகச் சேர்மங்கள், நீரில் கலப்பதை இதற்குக் காரணமாகக் கருதலாம்.

எதிர்த்திசையில் அயோடைடை மீண்டும் அயோடேட்டாக்கும் வேலையில் அம்மோனியாவை ஆக்சிஜனேற்றம் செய்யும் பாக்டீரியங்கள் ஈடுபடுகின்றன என்று 2021இல் ஹியூஸ் குழு ஆய்வகத்தில் காட்டியது. இந்த மீள்மாற்றம் மிக மெதுவானது. எனவே வெப்பமண்டலக் கடலில், மேல்நீரும் ஆழ்நீரும் அதிகம் கலக்காத அடுக்குகளில், அயோடைடு தேங்குகிறது. குளிர்க்கடல்களில் குளிர்காலக் கலப்பு ஆழத்து அயோடேட்டை மேலே கொண்டுவந்து அதை நீர்க்கச் செய்கிறது. ஆக்சிஜன் வறண்ட நீர் இன்னொரு விதிவிலக்கு. அரபிக்கடலின் ஆக்சிஜன் குறைந்த இடைநீர் அடுக்கில் அயோடேட்டு ஏறத்தாழ மறைந்து, அயோடைடே மிகுந்திருக்கிறது. அங்கே ஒடுக்கத்தை நடத்துபவை முதன்மையாகப் பாக்டீரியங்கள்.

பனியடியிலும் நன்னீரிலும்

2007இல் அன்டார்க்டிகாவின் ஹாலி நிலையத்தைச் சுற்றி வசந்த காலத்தில் அயோடின் ஆக்சைடு வியக்கத்தக்க அளவில் இருப்பது வெளியானது. கெல்ப் இல்லாத அந்த இடத்தில், கடல்பனியின் அடிப்பரப்பில் வளரும் டயாட்டம் என்னும் நுண்பாசிகளே மூலமாகக் கருதப்படுகின்றன. அவை வெளியிடும் அயோடின் பனியிலுள்ள உவர்நீர்க் கால்வாய்கள் வழியாக மேலேறி, பனிப்பரப்பை அடைந்து காற்றில் கலக்கிறது. அன்டார்க்டிகப் பனி மெலிந்தும் துளைமிக்கதாகவும் இருப்பதால் வழி எளிது. தடித்த ஆர்க்டிக் பனியில் அந்த அளவு காணப்படவில்லை.

நன்னீரில் கதை சுருக்கமானது. ஏரி, ஆறுகளில் அயோடின் பெரும்பாலும் லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் அளவுதான். அதிலும் ஒரு பங்கு மக்கிய கரிமப் பொருள்களோடு ஒட்டியிருக்கும். நன்னீர் நுண்பாசிகளும் நீலப்பசும்பாசிகளும் அதை ஓரளவு உள்வாங்குகின்றன. கெல்ப்பைப் போல் மலையளவு சேர்க்கும் நன்னீர்ப் பாசி இல்லை. பாறைக்கரையில் அயோடைடைச் சேமிப்பது பயன்தருவதற்கு, தாராளமாகக் கிடைக்கும் கடல் அயோடினும் அன்றாடம் வரும் ஆக்சிஜனேற்றத் தாக்குதலும் என்ற இரண்டும் காரணம். குளத்தில் முதலாவது இல்லை.

கதிரியக்கத்தின் சாட்சி

அணுஉலை விபத்துகளில் வெளிவரும் அயோடின்-131க்கு அரைவாழ்வுக் காலம் 8 நாள். 2011 மார்ச்சில் நடந்த ஃபுகுஷிமா விபத்துக்குப் பின், பசிபிக்கின் மறுகரையான கலிஃபோர்னியாவில் மேக்ரோசிஸ்டிஸ் என்னும் பெருங்கெல்ப்பின் இலைகளில் அந்த ஐசோடோப்பு கண்டறியப்பட்டது. காற்றில் வந்து மழையோடு இறங்கியதை, கடலின் மேற்பரப்பில் படர்ந்திருந்த கெல்ப் பிடித்துக்கொண்டது. நீரில் அளக்க முடியாத அளவுக்கு நீர்த்துப்போனதும் பாசியில் தெரியவரும் என்பதே இதன் பாடம்.

அயோடின்-129க்கு அரைவாழ்வு 1 கோடியே 57 லட்சம் ஆண்டுகள். இங்கிலாந்தின் செல்லாஃபீல்ட், பிரான்சின் லா ஆக் ஆகிய அணுஎரிபொருள் மறுபதப்படுத்தும் ஆலைகளிலிருந்து அது பல பத்தாண்டுகளாக வடகடல்களில் கலந்துவருகிறது. அந்தக் கரைகளில் சேகரித்த ஃபியூகஸ் பாசிகளில் இதன் அளவைப் பார்த்து, கடல் நீரோட்டங்கள் அதை எங்கே கொண்டுபோகின்றன என்று ஆய்வாளர்கள் தடம் பிடிக்கிறார்கள். பாசி கொள்வதும் விடுவதுமாக இருப்பதால், அதில் காணும் அளவு அண்மைக் காலத்துக்கான பதிவே. மொத்தக் கணக்காக அதை எடுத்துக்கொள்ள முடியாது.

மன்னார் வளைகுடா, உப்பு, சமையலறை

தமிழ்நாட்டுக் கரையில் இந்தக் கதை எப்படிப் பொருந்துகிறது? கெல்ப் குளிர்நீர்ப் பாசி. மன்னார் வளைகுடாவில் அது வளர்வதில்லை. இராமநாதபுரக் கரையோரப் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அகர் எடுக்க உதவும் சிவப்புப் பாசிகள். கட்டக்கோரை ஆல்ஜினேட்டுக்காக எடுக்கப்படும் பழுப்புப் பாசி. மண்டபத்தை மையமாகக் கொண்டு பரவிய கப்பாஃபைகஸ் என்ற சிவப்புப் பாசியின் வளர்ப்பு, கராஜீனன் என்னும் கூழ்ப்பொருளுக்காக. இவற்றில் அயோடின் உண்டு, ஆனால் கெல்ப்பின் அளவை நெருங்குவதில்லை. அத்தோடு இங்கே ஓத ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் பாசிப் படுகைகள் ரோஸ்காஃப் போல மணிக்கணக்கில் வெட்ட வெளியில் கிடப்பதில்லை. இனமும் ஓதமும் இரண்டுமே வேறுபடுவதால், மேஸ் ஹெட் போன்ற துகள் வெடிப்பை இங்கே எதிர்பார்ப்பதற்கு அடிப்படை இல்லை. வெப்பக்கடலான இப்பகுதிக்குப் பொருந்துவது, மேற்பரப்பு அயோடைடும் ஓசோனும் வினைபுரியும் திறந்த கடலின் வழிமுறையே.

கடலில் அயோடின் இருக்கிறதே, பிறகு உப்பில் ஏன் தனியாகச் சேர்க்க வேண்டும் என்று தூத்துக்குடி உப்பளத்தைப் பார்த்தவர்கள் கேட்பதுண்டு. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பும் 60 மைக்ரோகிராம் அயோடினும் இருக்கின்றன. அயோடின் முழுவதும் உப்பிலேயே தங்கினாலும் 10 கிராம் உப்பில் 17 மைக்ரோகிராம்தான் கிடைக்கும். வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம். அதிலும் உப்பு படிகமாகும்போது அயோடைடின் பெரும்பகுதி வடிநீரிலேயே நின்றுவிடுகிறது. 1956இல் இமயத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் வி. ராமலிங்கசுவாமி தொடங்கிய ஆய்வு, உப்பில் அயோடின் சேர்த்தால் கழலை குறையும் என்று காட்டியது. இந்தியாவின் அயோடின் உப்புத் திட்டத்துக்கு அதுவே அடித்தளம். கடல்நீர் தானாகச் செய்யாத செறிவூட்டலைக் கெல்ப் செய்கிறது. மனிதன் ஆலையில் செய்கிறான்.

உணவாக எடுக்கும்போது இனத்தின் வேறுபாடு உடல்நலப் பிரச்சினையாகவே மாறுகிறது. 2004இல் வெளியான ஓர் ஒப்பீட்டில், கடையில் விற்கும் பாசிகளில் நோரி என்னும் உணவுப் பாசியில் கிராமுக்கு 16 மைக்ரோகிராமும் லமினேரியாக் குறுணையில் 8,000 மைக்ரோகிராமுக்கு மேலும் இருந்தன. ஐந்நூறு மடங்கு வேறுபாடு. கெல்ப் மிகுதியாக உண்ட ஹொக்கைடோ கரையோர மக்களிடம் அயோடின் மிகையாலேயே கழலை வந்தது 1960களில் பதிவாகியிருக்கிறது. கெல்ப்பில் அயோடின் எளிய அயோடைடாக இருப்பதால் கொதிநீரில் பெரும்பகுதி கரைந்துவிடும். நீரை வடித்துவிட்டால் அளவு குறையும்; ஜப்பானியச் சமையலில் போல அந்த நீரையே சாறாகப் பயன்படுத்தினால் அத்தனையும் உணவில் சேரும். பாசித் துணையுணவு வாங்குபவர்கள் இனத்தின் பெயரையும் அயோடின் அளவையும் பார்க்காமல் வாங்குவது, தைராய்டு நோயாளிகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் ஆபத்தாகலாம்.

தொகுத்துப் பார்த்தால்

இதுவரை கண்டவற்றை ஒன்றுசேர்த்தால் மூன்று முடிவுகள் தேறுகின்றன.

முதலாவது, பாசிகளில் அயோடினின் முதன்மைப் பங்கை ஊட்டச்சத்து என்ற கோணத்தில் பார்ப்பது போதாது. கெல்ப்பில் அது எலக்ட்ரான் இருப்பு. சிவப்புப் பாசிகளில் வேதித் தற்காப்புக்கான மூலப்பொருள். மிதவை நுண்பாசிகளில் பெரும்பாலும் செல் நலிவின் பக்கவிளைவு.

இரண்டாவது, கண்ணைக் கவரும் வெளியேற்றமும் பெரிய வெளியேற்றமும் ஒரே இடத்தில் இல்லை. கெல்ப் கரைகளில் உச்ச அளவுகள் பதிவாகின்றன. உலக வளிமண்டலத்துக்குச் செல்லும் அயோடினில் பெரும்பங்கோ திறந்த கடலின் மேற்பரப்பிலிருந்து போகிறது. அங்கே பாசியின் கை மறைமுகமானது: எரிபொருளை அது தருகிறது, வினையை ஓசோன் நடத்துகிறது.

மூன்றாவது, மனிதச் செயல் இந்தச் சுழற்சிக்குள் நுழைந்துவிட்டது. ஆல்ப்ஸ் மலைப் பனிப்படிவிலும் கிரீன்லாந்துப் பனிப்படிவிலும் அயோடின் அளவு 20ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ மும்மடங்காகியிருப்பதை 2018இல் வெளியான இரு ஆய்வுகள் காட்டின. வாகனப் புகையும் ஆலைப் புகையும் பெருக்கிய தரைமட்ட ஓசோன் கடலிலிருந்து கூடுதல் அயோடினை இழுக்கிறது என்பது இரண்டுக்கும் பொதுவான விளக்கம். கிரீன்லாந்து ஆய்வு இன்னொன்றையும் சேர்த்தது: ஆர்க்டிக் பனி மெலிந்து, அதன் அடியில் நுண்பாசி வளர்ச்சி கூடியதும் ஒரு காரணம். வெளியேறும் அயோடின் ஓசோனைச் சிதைப்பதால், மாசுக்கு ஓரளவு எதிர்விசையாகவும் இது அமைகிறது.

எனவே இனி நடக்க வேண்டிய அளவீடுகளுக்கு ஒரு நிபந்தனை உண்டு. பாசியின் பெயர், அது வாழும் ஓத மட்டம், பருவம், அயோடினின் வேதிவடிவம் ஆகிய நான்கும் சேர்ந்து பதிவாகாத எண்ணுக்கு ஒப்பிடும் மதிப்பு இல்லை. வட அட்லாண்டிக்கின் கெல்ப் கரைகளுக்கு இந்த நான்கும் ஓரளவு திரண்டுவிட்டன. வெப்பமண்டலக் கரைகளுக்கு அவை திரளாமல் மேஸ் ஹெட்டின் எண்களைக் கடன் வாங்கிக் கணக்குப் போடுவது, கெல்ப்பின் குணத்தைக் கஞ்சிப்பாசியின் தலையில் கட்டுவதாகவே முடியும்.